செய்தியின் அறிவிப்பாளர் யார்?

2023ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்திற்கு வெளியிட்ட சுரங்கப் பகுதிகளின் பட்டியலில் நம் ஊரின் பெயரும் இடம்பெற்றிருந்தது. சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு, வடசேரி, மைக்கேல்பட்டி எனத் தமிழகத்துப் பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் மூன்று. அது ரமழான் மாதம். தராவீஹ் முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தவர்களின் பேச்செல்லாம் அதைப் பற்றியதாகவே இருந்தது. மாநில அரசிடம் கேட்காமலேயே அறிவிப்பு வந்திருப்பதாகவும், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020 இதற்கு இடம்தராது என்றும் ஏப்ரல் 4ஆம் தேதி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் 8ஆம் தேதி அம்மூன்று பகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். அல்ஹம்துலில்லாஹ், அந்த அச்சம் பத்து நாள்களில் நீங்கியது.

ஆனால் அந்தப் பத்து நாள்களில் என்னை உறுத்திய கேள்வி வேறு. நம் வயல்களின் கீழே என்ன இருக்கிறது, அதை யார் கேட்கிறார்கள் என்பதை நாம் டெல்லியின் பட்டியலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நெய்வேலி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. மூன்று தலைமுறைகளாகச் சுரங்கத்தின் அண்டையில் வாழும் இந்த வட்டாரத்திற்கு, அந்தச் சுரங்கத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதுவதைத் தன் தொழிலாகக் கொண்ட நாளிதழ் ஒன்றேனும் இருக்கிறதா?

அதே ஆண்டு ஜூலை 26ஆம் தேதி, நமக்கு அருகிலுள்ள வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காகக் கதிர் விட்டிருந்த நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டு இழப்பீடும் தரப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். கூடுதல் இழப்பீடும் வேலையும் கேட்டு நின்றவர்கள் விவசாயிகள். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இவை எல்லாம் எல்லா ஏடுகளிலும் வந்தன. படங்கள் நாடு முழுவதும் சென்றன. யாருடைய பட்டாவுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, வாக்களிக்கப்பட்ட வேலைகள் எத்தனை பேருக்குக் கிடைத்தன, அவற்றுள் நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்தக் கூலி எத்தனை என்ற கணக்கைக் கிராமம் கிராமமாக எடுத்து, மாதந்தோறும் எழுதிய ஒரு பக்கத்தை மட்டும் நான் எங்கும் காணவில்லை. 2020இல் மே 7ஆம் தேதியும் ஜூலை 1ஆம் தேதியும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டபோதும் இப்படித்தான். கேமராக்கள் வந்தன, ஜனாஸாக்களும் இறுதி ஊர்வலங்களும் முடிந்தன, கேமராக்கள் திரும்பிவிட்டன.

இதற்கு நிருபர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகப் பல்லாண்டுகள் உழைத்த நண்பர் ஒருவரின் வாழ்க்கையை அருகிருந்து பார்த்திருக்கிறேன். இதழின் பெயர் வேண்டாம். எல்லா இதழ்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அவருக்குச் சம்பளம் என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. பெட்ரோல் செலவுக்குப் போதாத ஒரு சிறு தொகையும், பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்தில் கமிஷனும்தான் வருமானம். பொங்கல், சுதந்திர தினம், தீபாவளி, கட்சித் தலைவர்களின் பிறந்தநாள் என்று ஆண்டு முழுவதும் சிறப்பு மலர்கள். ஒவ்வொரு மலருக்கும் அவருக்கு ஓர் இலக்கு. விளம்பரம் கேட்டு அவர் யாரிடம் செல்வார்? சாலை ஒப்பந்ததாரரிடம், தனியார் பள்ளித் தாளாளரிடம், நகைக்கடைக்காரரிடம், மணல் லாரி உரிமையாளரிடம், பேரூராட்சிப் பிரமுகரிடம். விக்கிரவாண்டி–தஞ்சை நான்குவழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போய், குண்டும் குழியும் புழுதியுமாய் நம் மக்கள் மருத்துவமனைக்கு அலைந்த காலத்தில், அதைப் பற்றி ஏன் காட்டமாக எழுதவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த மலருக்கு அரைப் பக்கம் தருவதாகச் சொல்லியிருப்பவர் யார் என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கீழே நிருபரின் நிலை இப்படியென்றால் மேலே உரிமையாளரின் நிலை என்ன? இங்கேதான் நம் சமுதாயம் கவனிக்கத் தவறும் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2014இல் நெட்வொர்க்18 குழுமம் ரிலையன்ஸ் வசம் சென்றது. ஈடிவியின் பிறமொழிச் செய்தி அலைவரிசைகளும் அக்குடையின் கீழ் வந்தன. தமிழில் நாம் பார்க்கும் நியூஸ்18 அக்குழுமத்தினுடையதே. 2022 டிசம்பரில் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்கு மாறியது; மறு ஆண்டே ஐஏஎன்எஸ் செய்தி முகமையின் பெரும்பான்மைப் பங்கும் அங்கே சென்றது. அக்குழுமத்தின் தொழில் நிலக்கரிச் சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம். நம் கட்டுப்பள்ளித் துறைமுகமும் அதனுடையதுதான். அவர்களின் செய்தியாளர்கள் பொய்யர்கள் என்று நான் கூறவில்லை, அது அவதூறாகும். நாளை நிலக்கரி ஏலத்தைப் பற்றி ஒரு செய்தி வரும்போது, அந்தச் செய்தியின் உரிமையாளரே ஏலத்தில் நிற்பவராகவும் இருக்கலாம் என்பதை வாசகன் அறிந்திருக்க வேண்டும் என்றுதான் கூறுகிறேன்.

இது நமக்குப் புதிய பாடமா என்ன? ஒரு நபிமொழியை ஏற்பதற்கு முன் அதன் வாசகத்தை மட்டும் பார்த்து நம் இமாம்கள் நிறைவடையவில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எத்தகையது, அரசவையில் பரிசில் பெறுபவரா, தம் கொள்கைக்கு ஆதரவாகத் திரித்துச் சொல்லும் இயல்புடையவரா என்றெல்லாம் ஆராய்ந்து, அறிவிப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளையே தனியொரு கலையாக வளர்த்தார்கள். நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்கு இட்ட கட்டளையின் விளைவு அது. அத்தகைய மரபின் வாரிசுகளான நாம், காலையில் வீட்டு வாசலில் விழும் தாளின் உரிமையாளர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பல்லாண்டுகளாகப் பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில், பதிப்பாளர், ஆசிரியர், ஒரு விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்போர் ஆகியோரின் பெயர்களைப் படிவமாக ஒவ்வொரு ஏடும் வெளியிட்டு வந்தது. 1956ஆம் ஆண்டின் விதிகள் அப்படிக் கட்டாயப்படுத்தின. நம்மில் எத்தனை பேர் அந்தச் சிறு கட்டத்தைப் படித்திருக்கிறோம்?

தமிழகத்திலும் நிலைமை வேறு வகையில் இதுவேதான். இங்கே முதலாளியோடு கட்சியும் சேர்ந்துகொண்டது. 2005இல் தினகரன் நாளிதழைச் சன் குழுமம் வாங்கி, ஒரு ரூபாய்க்கு விற்றது. டீக்கடைகளில் மக்கள் மகிழ்ந்தார்கள், நானும் வாங்கினேன். தொலைக்காட்சியும் கேபிள் இணைப்பும் ஈட்டித் தரும் பணம் பின்னால் இருக்கும்போது ஒரு ரூபாய்க்குப் பத்திரிகை தர முடியும். அச்சுக்கூலியை வாசகன் தரும் காசிலிருந்தே கொடுத்தாக வேண்டிய ஒரு சிறிய மாலை ஏட்டால் அது இயலுமா? 2007 மே 9ஆம் தேதி, வாரிசு பற்றிய ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக அந்த நாளிதழின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு, அங்கு பணியிலிருந்த மூவர் உயிரிழந்தார்கள். ஒரே குடும்பத்தின் உட்பூசல் அது. ஆட்சியும் ஊடகமும் ஒரே வீட்டின் இரு அறைகளாக இருந்தால் அதன் நெருப்பு யாரைச் சுடும் என்பதை அன்று தமிழகம் பார்த்தது. அதே ஆண்டிலேயே கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. அரசு கேபிள் நிறுவனமும் தொடங்கப்பட்டது.

சிறிய ஏடுகளைப் பெரியவற்றிடமிருந்து காக்க இந்நாடு ஒருமுறை முயன்றிருக்கிறது என்பது இன்று பலருக்கு நினைவில் இல்லை. 1954இல் அறிக்கை தந்த முதல் பத்திரிகைக் குழு, இன்ன விலைக்கு இத்தனை பக்கம்தான் என்று வரம்பு கட்டினால், பெருமுதலாளிகள் பக்கங்களை அள்ளி வீசிச் சிறிய ஏடுகளைச் சாகடிக்க முடியாது என்று கருதியது. 1956இல் சட்டம் வந்தது; 1960இல் ஆணை வந்தது. புணேயின் சகால் என்ற மராத்தி நாளிதழ் வழக்குத் தொடுத்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைக் கருத்துரிமைக்கு எதிரானது என்று கூறி நீக்கியது. எத்தனை பக்கம் அச்சிடலாம் என்று அரசு சொல்லத் தொடங்கினால், நாளை என்ன அச்சிடலாம் என்றும் சொல்லும் என்ற அச்சம் நியாயமானதுதான். அத்தீர்ப்பை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் அதற்குப் பிறகு வேறு வேலி எதுவும் போடப்படவில்லை. 2014 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரே சந்தையில் தொலைக்காட்சியையும் நாளிதழையும் ஒருவரே ஆள்வதற்கு வரம்பு வைக்கவும், அரசியல் அமைப்புகளை ஒளிபரப்பிலிருந்து விலக்கவும் பரிந்துரைத்தது. 2022இல் அதே கேள்விகளை மீண்டும் கேட்டு ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. எதுவும் சட்டமாகவில்லை. ஆளும் கட்சி எதுவாக இருந்தாலும் அதற்கு நண்பர்களான ஊடக உரிமையாளர்கள் இருக்கும்போது யார் சட்டம் செய்வார்கள்?

அந்த 2014 பரிந்துரையில் விலக்கப்பட வேண்டியோர் பட்டியலில் மத அமைப்புகளும் உண்டு. இதை நான் வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன். ஏனெனில் ஊடக அநீதியைப் பற்றி நம்மிடையே பேச்செடுத்தால், 'நமக்கென்று ஒரு தொலைக்காட்சி வேண்டும்' என்ற குரல் உடனே எழுகிறது. 2020 மார்ச் இறுதியில் டெல்லி மர்கஸ் நிகழ்வை வைத்து ஒரு நோய்க்கே நம் பெயரைச் சூட்டிய நாள்களை யாரும் மறக்கவில்லை. மாலையில் சுகாதாரத் துறையின் எண்ணிக்கை வரும்போது நம் பெண்கள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு துஆவில் அமர்ந்தார்கள். காய்கறி வண்டிக்காரர் நம் தெருவுக்கு வரத் தயங்கினார். அந்த ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தின் வெளிநாட்டினர் மீதான வழக்குகளை நீக்கி, அச்சு ஊடகமும் மின்னணு ஊடகமும் செய்த பெரும் பிரச்சாரத்தைக் கண்டித்தது. அவ்வளவு காயப்பட்ட ஒரு சமுதாயம் தனக்கென்று ஒரு குரல் கேட்பதில் தவறில்லை.

ஆனாலும் என் கருத்து வேறு. நம் செல்வந்தர் ஒருவர் தம் பணத்தில் அலைவரிசை தொடங்கினால், அவருடைய கல்லூரி வாங்கும் நன்கொடையைப் பற்றியோ, நம் வக்ஃபு நிலத்தைக் குறைந்த வாடகைக்கு அனுபவிக்கும் அவருடைய உறவினரைப் பற்றியோ அதில் செய்தி வருமா? நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியின் சாட்சிகளாய் நிற்குமாறு நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் ஏவுகிறது. ஊரார் உணவைப் பதுக்கி விலையேற்றுபவனைப் பாவி என்றார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஊரார் அறிய வேண்டிய உண்மையைப் பதுக்குபவன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவன் என்பதற்காக அவன் வேறாகிவிடுவானா? நமக்கும் சேத்தியாத்தோப்புக்கும் தேவைப்படுவது சுரங்கத்தின் அருகே வசிக்கும் அனைவருக்குமான ஏடு. வளையமாதேவியில் பயிரிழந்தவர்கள் யார் மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று பார்த்தா இயந்திரம் இறங்கியது? வீராணத்தில் தண்ணீர் நின்றால்தான் லால்பேட்டையில் மதரஸா பிள்ளைகளுக்கும் சோறு. சுற்றுக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்கும் சோறு.

அப்படியானால் உரிமை யாரிடம் இருக்க வேண்டும்? இங்கே நம்மிடம் உள்ள ஒரு சொல் உதவுகிறது: வக்ஃபு. சொத்தை அல்லாஹ்வுக்காக நிறுத்திவிட்டால், அதன்பின் கொடுத்தவரும் அதற்கு உரிமையாளர் அல்லர்; விற்க முடியாது, வாரிசுக்கு எழுத முடியாது, முத்தவல்லி காவலர் மட்டுமே. செய்தித்தாளை இந்த முறையில் நடத்தியவர்கள் உண்டு. 1881இல் லாகூரில் ட்ரிப்யூன் ஏட்டைத் தொடங்கிய சர்தார் தயாள் சிங் மஜீத்தியா, 1898இல் இறக்கும்போது அதை அறக்கட்டளைக்கு உயில் எழுதிவைத்தார். பிரிவினையில் ஊரை இழந்து, இன்று சண்டிகரிலிருந்து வரும் அந்த ஏடு இன்னும் அறக்கட்டளையின் கையில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் கார்டியனின் உரிமையாளர்களான ஸ்காட் குடும்பத்தார் 1936இல் தம் உரிமையை அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

தொலைவுக்குப் போவானேன்? நம் சகோதரர்கள் கேரளத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மாத்யமம் நாளிதழ் 1987இல் கோழிக்கோட்டில் ஓர் அறக்கட்டளையின் கீழ் தொடங்கியது. அக்குழுமத்தின் மீடியாஒன் அலைவரிசையை 2022 ஜனவரி 31ஆம் தேதி ஒன்றிய அரசு பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தியது. காரணத்தை மூடிய உறையில் நீதிபதிகளுக்கு மட்டும் காட்டியது. உச்ச நீதிமன்றம் அம்முறையைக் கண்டித்து, அரசை விமர்சிப்பது தேசவிரோதமாகாது என்று கூறித் தடையை நீக்கிய நாள் 2023 ஏப்ரல் 5. நம் ஊரின் பெயர் ஏலப் பட்டியலில் இருந்த அதே ரமழான் வாரம். அறக்கட்டளை ஏடு என்றால் தொல்லை வராது என்பதல்ல இதன் பொருள். தொல்லை வரும்போது விலைபோகாமல் நீதிமன்றம்வரை நிற்க அதற்கு முடிந்தது. அந்த ஏட்டுக்கு ஓர் இயக்கத்தின் சார்பு உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வாசகர்கள் அதை அறிந்தே வாங்குகிறார்கள். அறிந்து வாங்குவது என்பதே பெரிய விஷயம்.

நம் முன்னோரும் சளைத்தவர்கள் அல்லர். இலங்கையில் சித்தி லெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887இல் சிங்கை நேசனைத் தொடங்கினார். அது மூன்றாண்டுகளே வாழ்ந்தது. பா. தாவூத் ஷா தாருல் இஸ்லாமை எத்தனையோ இடையூறுகளுக்கிடையே நடத்தினார். அக்காலத்து ஏடுகளைப் புரட்டினால், சந்தா பாக்கியைச் செலுத்துமாறு வாசகர்களை ஆசிரியர் கெஞ்சும் வரிகள் கண்ணில் படாமல் இரா. நம் சமுதாயம் ஏடுகளைப் பாராட்டும், சந்தா கட்டாது. இந்தப் பழக்கம் நூறாண்டுகளில் மாறியதாகத் தெரியவில்லை. நிக்காஹ் விருந்தில் ஒரு சஹனில் மிஞ்சும் பிரியாணியின் விலைக்கு ஒரு நாளிதழின் பல மாதச் சந்தா வரும்.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் இலவசமாக வருகிறதே என்பார்கள். துபாயிலும் ரியாதிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஊர்ச் செய்தியை அதில்தான் அறிகிறார்கள். அனுப்பியவர் யார், எடுத்தவர் யார், என்று எடுத்தது என்ற எதுவும் அதில் இராது. அறிவிப்பாளர் வரிசையே இல்லாத செய்தி அது. கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்பது நபிகளாரின் எச்சரிக்கை. வேறொரு கிராமத்தில் எப்போதோ எடுத்த வயல் படத்தை வளையமாதேவி என்று சொல்லி நம் குழுவிலேயே ஒருவர் பகிர்ந்தார். நல்ல நோக்கத்தோடுதான் பகிர்ந்தார். அந்தப் படம் பொய் என்று நிரூபிக்கப்பட்டதும், உண்மையான படங்களையும் சிலர் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். உழவர்களுக்கு நம்மால் ஆன உபகாரம் அது.

ஆகவே பெரிய திட்டம் எதையும் முன்வைக்க நான் வரவில்லை. மாவட்டத்திற்கு ஓர் அறக்கட்டளை ஏடு என்பது நல்லோர் பலர் கூடி ஆண்டுக்கணக்கில் உழைத்தால் நடக்கும், இன்ஷா அல்லாஹ். ஸகாத் நிதியை இதற்குச் செலவிடலாமா என்பதை ஆலிம்கள் தீர்மானிக்கட்டும். நான் கேட்பது சந்தாவை மட்டுமே. நம் பள்ளிவாசல்களின் வாசிப்பு அறையில் எந்த ஏடுகள் கிடக்கின்றன என்று அடுத்த ஜும்ஆவுக்குச் செல்லும்போது பாருங்கள். அவை இலவசமாக வருகின்றனவா, யாரோ ஒரு வேட்பாளர் கட்டிய சந்தாவிலா என்று நிர்வாகத்தாரிடம் கேளுங்கள். நிறுவனத்தின் விளம்பரமும் கட்சியின் பணமும் குறைவாக உள்ள ஏடு எதுவோ, அது மெலிந்திருந்தாலும், அச்சு மங்கியிருந்தாலும், அதற்கு நம் காசில் சந்தா கட்டுவோம். அதில் நம் ஊர் நிருபர் நிலத்தைப் பற்றியோ சாலையைப் பற்றியோ துணிந்து ஒரு செய்தி எழுதினால், ஆசிரியருக்கு நான்கு வரிக் கடிதம் எழுதுவோம். கடிதம் வந்தால் அந்த நிருபரின் அடுத்த செய்தி வெட்டப்படாது என்பது என் நண்பர் சொன்ன அனுபவம். அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டார். இப்போது மொபைல் கடை வைத்திருக்கிறார். வளையமாதேவிப் பட்டாக்களின் நகல்கள் கொண்ட கோப்பு ஒன்று இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது.